கை எட்டும் உயரம்

தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். யூரோங் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளை வெளேரென்று பூத்த பேரி மரங்களுக்கு நடுவே நின்று சிரிப்பாள். பின்னால் பிடில் அழும். "கணவனுக்குக் காலானாள், மகளுக்குச் சிறகானாள்" என்று ஒரு ஆண் குரல் உருகும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். நான் எழுந்துபோய்ப் பன்றிக்குத் தவிடு கரைத்தேன். உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. வெயில் கண்ணில் அடித்தது, முகத்தைச் சுளித்தாள். அதைப் போய்ச் சிரிப்பு என்று காட்டுகிறார்கள்.

சனிக்கிழமைதோறும் வரும் நிகழ்ச்சி அது. எளிய வீட்டில் பிறந்து மேலே வந்தவர்களின் கதை. எள் ரொட்டி சுட்டு விற்று ஆலைக்கு முதலாளியானவர், ஒற்றைக் கையோடு நீச்சலில் பதக்கம் வாங்கிய பெண், மலைப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தனியாளாகப் பாடம் சொன்ன வாத்தியார். நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் செயலாளர் சோவுக்கு ஒரே ஏக்கம், நம் மலையிலிருந்தும் ஒரு ஆள் அதில் வரவேண்டும் என்று. தேடித் தேடிக் கடைசியில் என் பக்கத்து வீட்டு யூரோங்கின் கதவைத் தட்டிவிட்டார். அதுவும் எப்போது? பூத் தொடும் நாட்களில்.

எங்கள் மலையில் பேரிக்குத் தேனீ வராது. வருடா வருடம் மருந்தடித்து மருந்தடித்து அதுகளை ஒழித்தாயிற்று. பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர்களும் தாது என்று பெயர் கொண்ட எங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். தேனீ பார்க்க வேண்டிய வேலையை நாங்கள் பார்க்கிறோம். மூங்கில் குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டி, கழுத்தில் தொங்கும் குப்பிக்குள் விட்டு மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பூவிலும் வைப்போம். கீழ்க் கொப்பைத் தரையில் நின்று தொடலாம். உச்சிக் கொப்புக்கு ஏறித்தான் ஆகவேண்டும். பூ விரிந்து நாலைந்து நாள்தான் தாங்கும். நடுவில் மழை வந்தால் அந்த வருடம் காய் இல்லை. வருடம் முழுவதும் சாப்பிடுவது அந்த நாலைந்து நாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் சாகிறவர்கள்கூட நேரம் பார்த்துத்தான் சாவார்கள்.

யூரோங்கின் வீட்டுக்காரன் லேய் கைமிங் அப்படி ஏறியவன்தான். மேல் தோட்டத்தில் உச்சிக் கொப்பு முறிந்து விழுந்தான். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மகள் சிங் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வசந்தத்தில் யூரோங் குச்சியை எடுத்துக்கொண்டு ஏறினாள். அதற்கு முன் அவள் ஏணியில்கூட நிமிர்ந்து நின்றவள் இல்லை. முதல் நாள் மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், நான் கீழே நின்று திட்டித் திட்டி ஏற்றினேன். இன்றைக்கு சிங் செங்டுவில் பாலம் வரைகிற இன்ஜினியர். படம் எடுக்க வந்தபோதும் யூரோங் மரத்தில்தான் இருந்தாள்.

கைமிங் சும்மா படுத்துக் கிடக்கிற ஆள் இல்லை. மகரந்தம் எடுப்பது அவன் வேலை. மகரந்தத்துக்கென்று நிற்கும் வேறு சாதி மரத்தில் விரியாத மொட்டாகப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தால், சல்லடையில் தேய்த்து உள்ளே இருக்கும் சிவப்புத் துணுக்குகளைப் பிரித்து, தாளில் பரப்பி, தன் படுக்கையிலேயே மின்போர்வையின் மேல் காய வைப்பான். சூடு ஏறினால் மகரந்தம் செத்துவிடும், குறைந்தால் துணுக்கு வெடிக்காது. அதனால் அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அவன் கட்டிலில் ஓரமாக ஒருக்களித்துக் கிடப்பான். அப்புறம் மஞ்சளாக, மாவு போலப் பொடி வரும். ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் வாங்குகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று "கைமிங் அண்ணே, எனக்கு ரெண்டு குப்பி எடுத்து வை" என்று கத்திவிட்டுப் போவார்கள். "உன் மொட்டை நேரத்துக்குக் கொண்டாந்தா வைக்கிறேன், இல்லாட்டி உன் மீசைய ஒதறித் தொட்டுக்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மற்ற நாட்களில் அவனுக்கு அத்தனை சத்தமாகப் பேச்சு வராது.

நானும் யூரோங்கும் மாற்று வேலைக்காரர்கள். ஒரு நாள் அவள் எனக்கு, ஒரு நாள் நான் அவளுக்கு. எனக்கு வயதாகிவிட்டது, மூட்டு மடங்காது, ஏற மாட்டேன். கீழ்க் கொப்பு நான், மேல் கொப்பு அவள், அதுதான் ஏற்பாடு.

படம் எடுத்த அந்த வருடம் மொட்டுப் பறிக்கப் போனபோதே அவள் என்னிடம் சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். வாயத் தொறக்கக் கூடாது."

"தொறந்த வாயத் தைக்கவா போற? சொல்லு."

"காய் பறிச்சதும் மேல் தோட்டத்து மரத்தை எல்லாம் வெட்டிடறேன். ரம்பக்காரன்கிட்ட சொல்லியாச்சு. செர்ரிக் கன்னு கேட்டு வச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. செர்ரிக்கு ஏணி வேணாம், பூத் தொட வேணாம். ஊர்ல பாதிப் பேர் மாத்தியாச்சு. இதுக்கு ஏண்டி குசுகுசுன்னு பேசற?"

"அந்த மனுஷனுக்குத் தெரியாது."

நான் கூடையை இறக்கி வைத்தேன்.

"பேரி இல்லாட்டி மகரந்தம் எதுக்கு அக்கா? மகரந்தம் இல்லாட்டி அவருக்கு என்ன இருக்கு? வருஷத்துல இந்தப் பதினஞ்சு நாள்தான் அவரு முகத்துல ஒரு தெளிவு. ஊரே ஜன்னல்ல வந்து நிக்குது. அதையும் நான் புடுங்கிட்டா?"

"அப்ப வெட்டாத."

"முடியலை அக்கா." அதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகைகூட இல்லை. "போன வருஷம் உச்சிக் கொப்புல நிக்கிறேன், கண்ணு சொக்குது. மரத்து மேலயே தூக்கம் வருது. ராத்திரி அவரை ரெண்டு தடவை பொரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிரும். விடியறதுக்கு முன்னாடி அடுப்பு. அப்புறம் மரம். ஒரு நாளைக்கு நானும் விழுந்துருவேன். அப்ப அவரைப் பொரட்ட யாரு இருக்கா?"

"அப்ப சொல்லிரு."

"சொல்றேன். பூ முடியட்டும்."

எனக்கென்ன, பக்கத்து வீட்டுக்காரி. ஆனாலும் அன்றிலிருந்து கைமிங் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

மேல் தோட்டம் பூத்தது. பகலெல்லாம் நல்ல வெயில். முதல் நாள் என் மரங்களை முடித்தோம். மறுநாள் அவளுடைய முறை. அதற்கு மறுநாள் மதியத்துக்குமேல் மழை என்று கைபேசியில் சொல்லிவிட்டது. ஒரு முழு நாளும் அரை நாளும் இருந்தால் போதும், முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்த முழு நாள் காலையில்தான் செயலாளர் சோ படப்பிடிப்புக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். கேமராக்காரன் ஒருவன், ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஒருவன், இயக்குநர் என்று ஒரு பெண். மேங் என்று பெயர். என் மருமகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பாவம், அவளும் தூங்கி நாளாயிற்று போல.

"யூரோங், இந்தா, இதைப் போட்டுக்க" என்று சோ ஒரு பையை நீட்டினார். உள்ளே சிவப்புச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

"இதைப் போட்டுட்டு மரத்துல ஏறினா கிழிஞ்சிரும்."

"கிழியட்டும். ஊரு வாங்கிக் குடுக்குது. வெள்ளைப் பூவுல சிவப்பு எடுப்பா இருக்குமாம்."

"ஐயா, நாளைக்கு மழை. அடுத்த வாரம் வரச் சொல்லுங்களேன்."

"அடுத்த வாரம் பூ எங்க இருக்கும்? பூ இல்லாம என்ன படம்? நீ பாட்டுக்கு வேலையப் பாரு, அவங்க பாட்டுக்கு எடுப்பாங்க. உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

தொந்தரவு இருக்காதாம். ஏறச் சொன்னார்கள், ஏறினாள். வெளிச்சம் சரியில்லை என்று இறங்கச் சொன்னார்கள், இறங்கினாள். மேகம் நகர்ந்ததும் மறுபடி ஏறச் சொன்னார்கள். கேமராவைக் கீழே வைத்து ஒரு தடவை, பக்கத்து மரத்தில் கட்டி ஒரு தடவை. ஒரே கொப்பில் தொட்ட பூவையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் நாலு மரம் முடித்திருப்பாள். நான் கீழ்க் கொப்பைத் தொட்டுக்கொண்டே வாய்க்குள் வைதேன். கேமராக்காரன் என்னைப் பார்த்து, "ஆத்தா, நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க, படத்துல விழறீங்க" என்றான்.

"நான் விழுந்தா என்னப்பா, நானும் இந்த ஊருக்காரிதான்."

"உங்க கதை வேற ஒரு நாளைக்கு எடுக்கிறோம் ஆத்தா."

"என் கதைய எடுத்தா உங்க டிவிய நிறுத்திருவாங்க. அத்தனையும் வசவு."

மேங் சிரித்துவிட்டாள். அதிலிருந்து அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் குறைந்தது.

பகல் உணவுக்குக் கீழே இறங்கினோம். மாற்று வேலைக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடுவது வழக்கம், அன்றைக்குச் சாப்பிட இன்னும் நாலு வாய் கூடுதல். யூரோங் சிவப்புச் சட்டைமேல் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கொழுப்பில் மூழ்கவைத்துச் சாடியில் மூடியிருந்த பன்றிக்கறியை எடுத்துப் பூண்டுத் தாளோடு வதக்கினாள். நாக்கை மரத்துப் போகவைக்கும் எங்கள் மலை மிளகை மேலே கிள்ளிப் போட்டாள். சோள ரொட்டி, ஊறவைத்த கடுகுக்கீரை, கொதிக்கக் கொதிக்கச் சோயாப் பால். கேமராக்காரன் மிளகைக் கடித்துவிட்டு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட, அவள் மட்டும் அடுப்பங்கட்டில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம், எனக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் மேங் கைமிங்கின் கட்டிலருகே போய் நின்றாள்.

"மாமா, அத்தை உங்களை முதுகுல தூக்கிட்டு முற்றத்துக்கு வர்ற மாதிரி ஒரு காட்சி வேணும். ஒரே ஒரு தடவை."

கைமிங் மகரந்தத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சக்கர நாற்காலி அந்தா நிக்குது."

"முன்னாடி நாற்காலி இல்லாதப்ப அத்தை உங்களைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு செயலாளர் சொன்னாரு."

"போனா. அன்னிக்கு வேற வழி இல்லை. இன்னிக்கு இருக்கு. இன்னிக்கு எதுக்கு அவ முதுகை ஒடிக்கணும்?"

"அட என்ன கைமிங்!" என்று சோ புகுந்தார். "நம்ம ஊருக்கே பெருமை. ஒரு நிமிஷம் முதுகுல ஏறினா என்ன தேஞ்சா போயிருவ?"

"செயலாளரே, உங்க வீட்டம்மா உங்களைத் தூக்கட்டும், எடுத்துப் போடுங்க. அதைப் பாத்துட்டுத்தான் ஊரே அழும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சோ நல்ல பருமன். மேங் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. முற்றத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல எடுக்கலாம் என்றாள். கைமிங் தன் கைகளாலேயே உடம்பைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொண்டான். தோள் அப்படி உரமேறியிருந்தது அவனுக்கு. யூரோங் அவன் கால்களை எடுத்துப் பலகையில் வைத்தாள். மேலே தோட்டம் வெள்ளையாகத் தெரிந்தது, வெயில் சாயத் தொடங்கிவிட்டது. உச்சிக் கொப்பு ஒரு மரத்தில்கூட முடியவில்லை.

சோ முன்பே அவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறந்த மண்மேல் பாசம், குடும்பத்தின்மேல் அன்பு, இந்த இரண்டும் சேர்ந்து வர வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"அத்தை, இத்தனை வருஷம் எது உங்களைத் தாங்கிப் பிடிச்சுது?" என்று கேட்டாள் மேங்.

"ஆங்?"

"எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறேன்."

யூரோங் யோசித்தாள். "காலைல எந்திரிக்கணும், ஏறணும். எந்திரிச்சேன், ஏறினேன்."

"மண்ணு, மண்ணு" என்று சோ பின்னாலிருந்து சத்தமில்லாமல் வாயசைத்தார்.

"இப்ப மகளைப் பெரிய ஆளாக்கிட்டீங்க. எல்லாரும் உங்களைப் பாராட்டறாங்க. இனிமே உங்க ஆசை என்ன அத்தை?"

"தூங்கணும்."

கேமராக்காரன் குபுக்கென்று சிரித்தான். மேங் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் மரத்தை வெட்டணும்."

சொல்லிவிட்டாள். அவள் திட்டமிட்டுச் சொல்லவில்லை. நாளெல்லாம் ஏறி இறங்கிய களைப்பில், வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது. சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவளுக்கு நினைவு வந்தது.

"எந்த மரத்தை?" என்றான் கைமிங்.

"மேல் தோட்டத்து மரம்."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

"எப்ப?"

"காய் பறிச்சதும். ரம்பக்காரன்கிட்ட சொல்லியாச்சு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அண்ணிக்குத் தெரியுமா?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். வேறு எதைப் பார்ப்பது?

"இது வேணாம், இது வேணாம், நிறுத்துங்க" என்று சோ கையை ஆட்டினார். மேங் கேமராக்காரனைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வெட்டணும்னா முன்னாடியே வெட்டியிருக்கலாமே" என்றான் கைமிங். "ஊர்ல எல்லாரும் வெட்டினப்ப ஏன் வெட்டலை?"

"வெட்டிட்டா நீ என்னய்யா பண்ணுவ?" யூரோங்குக்கு இப்போது குரல் உயர்ந்தது. "நாள் பூரா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பியா? பேரி இருக்கிறவரைக்கும்தான் உன் ஜன்னல்ல ஆளு நிக்கும். உனக்காகத்தான் வச்சிருந்தேன். இல்லாட்டி எனக்கென்ன அந்த மரத்து மேல காதலா?"

"எனக்காகவா?"

"பின்ன?"

கைமிங் நாற்காலிச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"நீ மரத்துல ஏறினதுல இருந்து எறங்கற வரைக்கும் நான் என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். "கை பாட்டுக்கு மகரந்தம் சலிக்கும். காது மேல் தோட்டத்துலயே கெடக்கும். விழறப்ப எப்படிச் சத்தம் வரும்னு இந்த ஊர்ல எனக்குத்தான் தெரியும். முதல்ல கொப்பு முறியும், அப்புறம் ஆளு. வருஷா வருஷம் கொப்பு முறியுதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன். அண்ணி அடுப்புக்கு வெறகு ஒடிச்சாக்கூட எனக்கு உசுரு போயி வரும்."

எத்தனை வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று விறகு ஒடித்திருக்கிறேன்.

"ஊரே ஒரு தடவை சலிச்சா நான் ஏன் நாலு தடவை சலிக்கிறேன்? பொடி நைசா இருந்தா ஒரே தொடல்ல ஒட்டிக்கும், ரெண்டாந்தரம் நீ ஏற வேணாம். அதுக்குத்தான். ஜன்னல்ல ஆளு நிக்கிறதுக்கு இல்லை."

"அப்ப ஏறாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த வாயால சொல்றது? சம்பாதிக்கிறது நீ. என்னைப் பொரட்டிப் போடறது நீ. படுத்துக் கெடக்கிறவன் ஏறாதன்னு சொன்னா, 'அப்ப நீயே போய் ஏறு'ன்னு நீ வாயால சொல்ல மாட்ட. ஆனா எனக்கு அப்படித்தான் கேக்கும்."

யூரோங் எழுந்து நின்றாள். தலையில் இருந்த துணித் தொப்பியைக் கழற்றி அவன் தோளில் ஓங்கி அடித்தாள்.

"பாவி மனுஷா! எத்தனை வருஷம்யா! நான் உனக்காக ஏறிக்கிட்டே இருக்கேன், நீ எனக்காகச் சலிச்சுக்கிட்டே இருக்க! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? நான் ஒரு மடச்சி, நீ ஒரு மடையன், நம்ம ரெண்டு பேரையும் டிவில வேற காட்டப் போறாங்க!" அடித்துக்கொண்டே அழுதாள். அவன் தடுக்கவில்லை. தொப்பியிலிருந்து மஞ்சள் பொடி பறந்து அவன் சட்டையெல்லாம் ஒட்டியது.

"இதையெல்லாம் எப்படிப் போடறது?" என்று சோ தலையில் கை வைத்தார். "மரத்தை வெட்டறேன்னு சொல்றா. நம்ம ஊரு பேரித் திருவிழா என்னாகறது?"

நான் அவர் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். மேங்கும் கேமராவை மடக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மலைப்பாதையில் இறங்கும்முன் என்னிடம், "ஆத்தா, நல்லாத்தான் எடுத்திருக்கு. ஆனா மேல இருக்கிறவங்க விட மாட்டாங்க" என்றாள். குரலில் தெம்பே இல்லை. எனக்கு அவளைத் திட்டவும் வரவில்லை. இரண்டு சோள ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் வெளுத்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு போனேன். அரை நாள் இருக்கிறது, உயிரைக் கொடுத்தால் பாதித் தோட்டமாவது தொட்டுவிடலாம். மேற்கே மலைமேல் மேகம் கருத்துக் கிடந்தது. காற்றில் ஈரம்.

கைமிங் நாற்காலியில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினான்.

"எங்க அவ?" என்றேன்.

கதவை ஒரு விரற்கடை தள்ளினான். கட்டிலில் இருந்த மகரந்தத் தாள்களையெல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கியிருந்தான். மின்போர்வையின் சூட்டில் யூரோங் குறுக்கே விழுந்து கிடந்தாள். சிவப்புச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. வாய் திறந்திருந்தது. இந்த அத்தனை வருடத்தில் அந்தக் கட்டிலின் நடுவில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை.

"அடுப்புப் பத்த வைக்கப் போறேன்னு எந்திரிச்சா அண்ணி. ஒரு நிமிஷம் உக்காருன்னேன். உக்காந்தவ அப்படியே சாஞ்சிட்டா."

"தம்பி, மழை வருது. எழுப்பு."

"எழுப்பலை."

"என்ன பேசற? வருஷக் காய் முழுசும் மேல நிக்குது. பெறகு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெரியும். ரெண்டு வருஷமா சிங் செங்டுக்கு வந்துரு, வந்துருன்னு கத்தறா. ஒரு வருஷம் அவகிட்ட கையேந்தறேன். எனக்கொண்ணும் கொறஞ்சிராது." சொல்லும்போது அவன் தாடை இறுகியது. மகளிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று வீம்பு பிடித்த ஆள் அவன். "பூத் தொடற நாள்ல அவ விடிஞ்சும் தூங்கி நான் பாத்ததில்லை அண்ணி. இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கறேன்."

"நீ எழுப்பாட்டி நான் ஆளுகளைக் கூட்டிட்டு வந்து ஏத்தறேன். மாத்து வேலைக்கு யாராவது வருவாங்க."

"மேல யாரும் ஏற வேணாம்." இதை மட்டும் சத்தமாகச் சொன்னான், பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தான். "அந்த மரத்துல இனிமே யாரும் ஏறக் கூடாது. நீங்க வேணும்னா கீழ்க் கொப்பு மட்டும் தொட்டு விடுங்க. எட்டுற வரைக்கும் போதும்."

மேசையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் கழுத்தில் மாட்டினான். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். கீழ்க் கொப்பெல்லாம் சுற்றிச் சுற்றித் தொட்டோம். தலைக்குமேலே அத்தனை பூ, தொட ஆளில்லாமல் நின்றது. கடைசி வரிசைக்கு வரும்போது தூறல் போட்டது, பிறகு கொட்டியது. நனைந்துகொண்டே இறங்கி வந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மாலையில் எழுந்தாளாம். மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஐயோ என்று கத்திக்கொண்டு கதவுக்கு ஓடினாளாம். கைமிங் நாற்காலியைக் குறுக்கே போட்டு மறித்துக்கொண்டானாம். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசினாள் என்றால் திட்டினாள். அதற்குள் உச்சிக் கொப்புப் பூவெல்லாம் வழியில் உதிர்ந்து பழுப்பாகிவிட்டது.

அந்த வருடம் மேல் தோட்டம் வேடிக்கையாகக் காய்த்தது. மரத்துக்கு மரம் கை எட்டும் உயரம் வரைக்கும் கொத்துக் கொத்தாகக் காய், அதற்குமேலே வெறும் இலை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சோ வந்து, வெளியூர்க்காரர் கண்ணில் பட்டால் கேவலம் என்றார். மேலிருந்த சாரமெல்லாம் கீழே இறங்கியதோ என்னவோ, ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. கொப்பு தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

பறிப்பு நாளன்று நாங்கள் நாலு பேர் கைமிங்கை நாற்காலியோடு தூக்கி மேல் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ரம்பக்காரன் வருவதற்குள் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று அவன்தான் கேட்டான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் அங்கே வந்ததே இல்லை. நாற்காலியை முதல் மரத்தடியில் வைத்ததும் காய் அவன் முகத்துக்கு நேரே தொங்கியது. எட்டி ஒன்றைத் திருகிப் பறித்தான். கையில் வைத்து எடை பார்த்தான். அடுத்ததைப் பறித்தான். நின்றுகொண்டு ஒருவரும் பறிக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாமே அவன் உயரத்தில்தான் இருந்தது.

யூரோங் கூடையை அவன் மடியில் வைத்துவிட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பறி" என்றாள். "நான் உக்காந்திருக்கேன்."

அவன் ஒவ்வொரு மரமாக நாற்காலியை உருட்டிக்கொண்டு போனான். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.